சிறுத்தையின் பசியும் மூலதனத்தின் பசியும்

(மும்பை தாராவியில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஓர் உயிர் தான் வாழ்வதற்காக மற்றோர் உயிரை அழிப்பது நியாயமா, அந்த நியாயத்துக்கு எல்லை எது என்பதே இன்றைய வகுப்பின் பொருள். யாருக்கு இங்கேயே வீடு கிடைக்கும், யார் நகரத்தின் விளிம்புக்குத் துரத்தப்படுவார்கள் என்ற கவலை தாராவியின் ஒவ்வொரு வீட்டிலும் நிறைந்திருக்கும் வேளையில் இப்படியொரு பொருள் தேவைதானா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்பதில் தவறில்லை. ஆனால் தாராவி மக்களில் ஒரு பகுதியினரை உப்பளங்களிலும் குப்பை மேட்டிலும் குடியமர்த்தலாம் என்று அரசு முடிவெடுத்த அன்றே, மனிதனா இயற்கையா என்ற கேள்வி நம் வாசலுக்கு வந்துவிட்டது. அதற்கு விடை காண முதலில் இந்த நகரத்தின் வடக்கே உள்ள காட்டுக்குச் செல்வோம். பிறகு தாராவிக்குத் திரும்புவோம்.

வலியது வாழும் என்ற வாதம்

பெரிய மீன் சின்ன மீனை விழுங்குகிறது, புலி மானைத் தின்கிறது, எனவே வலியவன் எளியவனை வீழ்த்துவதும் இயற்கையின் நியதி என்று சொல்வோர் உண்டு. இதற்கு டார்வினைச் சாட்சிக்கு அழைப்பார்கள். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859-இல் வெளிவந்தது. 'தக்கவை பிழைக்கும்' என்ற தொடரோ 1864-இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் உருவாக்கியது; டார்வின் தம் நூலின் ஐந்தாம் பதிப்பில்தான் அதை ஏற்றுக்கொண்டார். டார்வினை மிகவும் மதித்த மார்க்ஸ், 1862-இல் எங்கெல்சுக்கு எழுதிய கடிதத்தில், விலங்குகளிடையேயும் தாவரங்களிடையேயும் டார்வின் தம் காலத்து இங்கிலாந்துச் சமூகத்தையே மறுபடி கண்டிருப்பது வியப்புக்குரியது என்று குறிப்பிட்டார். முதலாளித்துவச் சந்தையின் போட்டியை எடுத்து இயற்கையின் மேல் பொருத்துவது, பின்னர் அதையே இயற்கையின் நிரந்தர விதி என்று சொல்லி மனித சமூகத்தின் மேல் திருப்பிப் போடுவது என்ற வித்தையை எங்கெல்ஸ் பிற்காலத்தில் தெளிவாக அம்பலப்படுத்தினார்.

இதற்கு மறுப்பாக விலங்குகளைத் துறவிகளாக்க வேண்டிய தேவையில்லை. ஆட்டுப்பட்டிக்குள் புகுந்த சிறுத்தை தன் தேவைக்கு மேல் கொல்வதும் உண்டு. அதற்கு அறமும் இல்லை, பாவமும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொன்றதை விற்றுப் பெருக்கி, அடுத்த ஆண்டு இருமடங்கு கொல்லவேண்டும் என்ற கட்டாயம் சிறுத்தைக்கு இல்லை. இரை குறைந்தால் சிறுத்தையும் குறையும். மூலதனத்துக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. ஒரு காட்டின் மரம் தீர்ந்தால் அது அடுத்த காட்டுக்குப் போகும். ஒரு கடற்கரை கெட்டால் அடுத்த கடற்கரைக்குப் போகும். பெருகாவிட்டால் அது மூலதனமாகவே நீடிக்க முடியாது. ஆகவே புலியைக் காட்டி முதலாளியை நியாயப்படுத்துவது அறிவியலும் ஆகாது, அறமும் ஆகாது.

தமிழ் மரபு இவ்விடத்தில் நமக்கு உதவுகிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை வகுக்கும்போது, விலங்கு, மரம், பறவை, உணவு, தெய்வம் ஆகியவற்றோடு மக்களின் தொழிலையும் ஒரே வரிசையில் வைக்கிறது. மனித உழைப்பு நிலத்துக்கு வெளியே நின்று அதை ஆள்வதாக அங்கே சொல்லப்படவில்லை. நிலத்தின் பொருள்களில் ஒன்றாகவே சொல்லப்படுகிறது.

சிறுத்தை யாரைத் தாக்குகிறது?

மும்பையின் வடக்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளது. இவ்வளவு பெரிய நகரத்துக்குள் இவ்வளவு சிறுத்தைகள் வாழும் இடம் உலகில் அரிது. 2015-இல் கேமராக்கள் வைத்து எடுக்கப்பட்ட கணக்கில் பூங்காவிலும் அதைச் சுற்றியும் 35 சிறுத்தைகள் இருந்தன. அவற்றின் உணவில் ஏறத்தாழ கால்பங்கு தெருநாய்கள். 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தச் சிறுத்தைகள் ஆண்டுக்குச் சுமார் 1,500 நாய்களைத் தின்பதால் நாய்க்கடி குறைகிறது என்றும், வெறிநாய்க்கடியால் நேரக்கூடிய 90 மரணங்கள் வரை தவிர்க்கப்படலாம் என்றும் மதிப்பிட்டது. மனிதனைக் கொல்லக்கூடிய அதே விலங்கு, மனிதனின் உயிரைக் காக்கவும் செய்கிறது.

இதைக் கேட்டு மகிழ்ந்துபோய்விடக் கூடாது. 2022 அக்டோபரில், தீபாவளி நாளன்று, பூங்காவை ஒட்டிய ஆரே பகுதியில் ஒன்றரை வயதும் நிறையாத ஒரு பெண் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. அந்தத் தாயிடம் போய் உணவுச் சங்கிலியைப் பற்றிப் பேச எவருக்கும் உரிமை இல்லை. தன் குழந்தையைக் காக்கப் போராடும் மனிதனின் உரிமை எல்லாவற்றுக்கும் முந்தியது. மனிதரைத் தாக்குவதாக உறுதிசெய்யப்பட்ட விலங்கைப் பிடிக்கத்தான் வேண்டும். இதில் நமக்குத் தயக்கம் இல்லை.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பூங்காவின் விளிம்பில் வாயில்காவலரும் மின்விளக்கும் கொண்ட அடுக்குமாடிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் வளாகங்களில் சிறுத்தை நடமாடும் காட்சிகள் அவ்வப்போது கேமராவில் பதிவாகின்றன. ஆனால் அதன் பல் பதிவது பெரும்பாலும் ஏழைகளின் உடலில்தான். வீட்டில் கழிப்பறை இல்லாததால் இருட்டில் புதர்ப்பக்கம் போகிறவர்கள் அவர்கள். குப்பை அள்ளப்படாததால் நாய்கள் பெருகும் தெருக்களும், விளக்கில்லாத ஒற்றையடிப் பாதைகளும் அவர்களுடையவை. சிறுத்தை வர்க்கம் பார்ப்பதில்லை. அதன் முன்னால் யாரை நிறுத்துவது என்பதை வர்க்க சமூகம் தீர்மானிக்கிறது.

பிடித்து இடம்மாற்றியதன் விளைவு

சிறுத்தைகளைப் பிடித்து வேறிடத்தில் விட்டால் தொல்லை தீரும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. புனே மாவட்டத்தின் ஜுன்னர் வனக்கோட்டத்தில் நடந்தது அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. வித்யா ஆத்ரேயா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கரும்புத் தோட்டங்கள் நிறைந்த அப்பகுதியில் இடமாற்றத் திட்டம் தொடங்குவதற்கு முன் ஆண்டுக்குச் சராசரியாக 4 தாக்குதல்கள் நிகழ்ந்தன. திட்டம் தொடங்கிய பின் அது ஆண்டுக்கு 17 ஆக உயர்ந்தது. தன் வாழிடத்திலிருந்து பிடுங்கப்பட்டு, கூண்டில் அடிபட்டு, அறியாத இடத்தில் விடப்பட்ட விலங்கு முன்னிலும் ஆபத்தானது. காலியான இடத்துக்கு வேறொரு சிறுத்தை வந்து சேரும்.

2009-இல் அகமத்நகர் மாவட்டத்தில் ஒரு கிணற்றில் விழுந்த முதிர்ந்த சிறுத்தையை மீட்டு, கழுத்தில் கண்காணிப்புப் பட்டை மாட்டி மால்ஷேஜ் மலைப்பகுதியில் விட்டார்கள். மராத்தியில் தாத்தா என்று பொருள்படும் 'ஆஜோபா' என்ற பெயரையும் சூட்டினார்கள். அது யாரையும் தாக்காமல், நெடுஞ்சாலைகளையும் கசாரா ரயில் நிலையப் பகுதியையும் கடந்து, வசாய் கழிமுகத்தை நீந்தி, ஒரு மாத காலத்துக்குள் சுமார் 120 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து மும்பைப் பூங்காவை வந்தடைந்தது. வேலிகளாலும் வரைபடங்களாலும் விலங்கை நிறுத்திவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மும்பையிலும் வெளியிடங்களில் பிடிபட்ட சிறுத்தைகளைக் கொண்டுவந்து பூங்காவில் விடும் வழக்கம் இருந்தது. 2004-ஆம் ஆண்டையொட்டித் தாக்குதல்கள் உச்சத்தை எட்டின. பின்னர் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. 2011 முதல் வனத்துறை, ஆய்வாளர்கள், குடிமக்கள் ஆகியோர் சேர்ந்து குப்பை அகற்றுதல், விழிப்புணர்வு ஆகியவற்றில் ஈடுபட்டார்கள்; தாக்குதல்கள் பெருமளவு குறைந்தன. கூண்டும் துப்பாக்கியும் செய்யாததை விளக்கும் கழிப்பறையும் குப்பை வண்டியும் செய்யும்.

வார்லி மக்கள் கற்பிப்பது

சிறுத்தையோடு வாழும் கலையை ஆய்வாளர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அறிந்தவர்கள் வார்லி ஆதிவாசிகள். புலிக்கும் சிறுத்தைக்கும் உரிய தெய்வமாக வாகோபாவை வழிபடுகிறார்கள். ஆரேயின் பாடாக்கள் எனப்படும் ஆதிவாசிக் குடியிருப்புகளிலும் அந்த வழிபாடு உண்டு. இதை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது அவசரமான முடிவு. கொல்லக்கூடிய அண்டை உயிரை அழித்தொழிக்காமல், அதற்கு அஞ்சவும், அதோடு ஒத்துப்போகவும், இழப்பைத் தாங்கவும் ஒரு சமூகம் வகுத்துக்கொண்ட ஏற்பாடு அதற்குள் இருக்கிறது.

இதே வார்லி மக்களைப் பற்றி நம் இயக்கத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1945 மே 23 அன்று, அன்றைய தானே மாவட்டத்தின் ஜரி கிராமத்தில் சுமார் 5,000 வார்லிகள் கிசான் சபையின் கொடியின்கீழ்த் திரண்டு, இனி ஜமீன்தாரின் நிலத்தில் கூலியின்றி வெட்டி வேலை செய்வதில்லை என்று உறுதிபூண்டார்கள். தோழர்கள் சியாம்ராவ் பருலேகரும் கோதாவரி பருலேகரும் அந்தப் போராட்டத்தை வழிநடத்தினார்கள். அவ்வாண்டு அக்டோபர் 10 அன்று தல்வாடாவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜெத்யா காங்கட் உள்ளிட்ட ஐவர் உயிர்நீத்தார்கள். காட்டில் புலியோடும் சிறுத்தையோடும் தலைமுறை தலைமுறையாக வாழ வழி கண்ட மக்கள், நிலவுடைமையாளனோடு மட்டும் அப்படி வாழ முடியாது என்று கண்டார்கள். ஏனெனில் அவனுடைய வேட்டை ஒருநாளும் ஓயவில்லை. ஒரு தலைமுறையின் கடனை அடுத்த தலைமுறையின் உழைப்பால் அடைக்கச் செய்தது.

காட்டைக் காப்பதாகச் சொல்லி

இயற்கையைக் காக்கவேண்டும் என்ற குரல் எப்போதும் ஏழைகளுக்கு ஆதரவாக ஒலிப்பதில்லை. 1995-இல் ஒரு சூழலியல் அமைப்பு தொடுத்த பொதுநல வழக்கில், பூங்காவுக்குள் இருந்த குடிசைகளை அகற்றும்படி மும்பை உயர் நீதிமன்றம் 1997-இல் உத்தரவிட்டது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் பல்லாயிரம் குடும்பங்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. பூங்காவைச் சுற்றிலும் மாளிகைகள் எழுப்பிக் காட்டின் காட்சியையே விலைபேசி விற்ற கட்டுமான நிறுவனங்களை எவரும் ஆக்கிரமிப்பாளர் என்று அழைக்கவில்லை.

2019 அக்டோபரில் இதே ஆரேயில் மெட்ரோ பணிமனைக்காக மரங்கள் வெட்டப்பட்டன. 4-ஆம் தேதி உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அன்றிரவே வாள்கள் வேலையைத் தொடங்கின. 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தடுத்து நிறுத்துவதற்குள் 2,000-க்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்துவிட்டன. நெரிசலில் தொங்கிச் செல்லும் தொழிலாளிக்கு மெட்ரோ தேவை. அதை நாம் எதிர்க்கவில்லை. ஆதிவாசியின் நிலத்தையும் சிறுத்தையின் காட்டையும் எடுத்தால்தான் தொழிலாளிக்கு ரயில் என்று அவர்களை எதிரெதிரே நிறுத்திய முறையைத்தான் எதிர்க்கிறோம்.

குடிசைகளை இடித்ததும் மரங்களை வெட்டியதும் ஒன்றுக்கொன்று எதிரானவையாகத் தோன்றலாம். ஒன்று காட்டின் பெயரால் நடந்தது. மற்றொன்று வளர்ச்சியின் பெயரால். இரண்டிலும் இழந்தவர்கள் உழைப்பாளிகளும் ஆதிவாசிகளுமே.

தோலும் அறமும்

இனி தாராவிக்குத் திரும்புவோம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களும் தாழ்த்தப்பட்ட மக்களும் இங்கே தோல் பதனிடும் தொழிலை வளர்த்தார்கள். நகரத்துக்கு இறைச்சி வேண்டும், செருப்பும் பையும் வேண்டும், ஆனால் அவற்றின் நாற்றம் வேண்டாம். எனவே அந்தத் தொழிலும் தொழிலாளரும் சதுப்பு நிலத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். பாந்த்ராவில் இருந்த இறைச்சிக்கூடம் 1971-இல் செம்பூரை அடுத்த தேவனாருக்கு மாற்றப்பட்டது.

கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் வள்ளுவர் தனித்தனி அதிகாரங்களில் பேசினார். அந்த அறத்தைத் தம் மனசாட்சிப்படி ஏற்றுக் கைக்கொள்பவர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் ஒருவரின் அறம் இன்னொருவரின் வயிற்றிலடிக்கும் சட்டமாகும்போது அதன் தன்மை மாறிவிடுகிறது. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பசுவதையை ஏற்கெனவே தடைசெய்திருந்த மகாராஷ்டிரம், 2015-இல் எருதுகளையும் காளைகளையும் வெட்டுவதற்குத் தடை விதித்தது. இறைச்சித் தொழிலாளரும் தாராவியின் தோல் தொழிலாளரும் பிழைப்பை இழந்தனர். உழைத்து ஓய்ந்த எருதை விற்கவும் வழியின்றி, தீனி போடவும் வகையின்றி விதர்பா, மராத்வாடா விவசாயி தவித்தார். தெருவில் விடப்பட்டுப் பட்டினியால் சாகும் மாட்டுக்கு அந்தச் சட்டம் என்ன கருணை காட்டியது? உயிரைக் கொன்று சேர்க்கும் செல்வம் எவ்வளவு பெரிதாயினும் இழிவானது என்பது வள்ளுவரின் கருத்து. அதை உண்மையாகவே நம்புகிறவர்கள், நச்சுக்காற்றால் மனிதரைச் சிறுகச் சிறுகக் கொன்று சேர்க்கும் செல்வத்தைப் பற்றியும் பேசவேண்டும்.

மாகுல், தேவனார், உப்பளங்கள்

நச்சுக்காற்று என்றதும் செம்பூர்த் தோழர்களுக்கு மாகுல் நினைவுக்கு வந்திருக்கும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளையும் இரசாயனக் கிடங்குகளையும் ஒட்டிய மாகுலில், தான்சா குடிநீர்க் குழாயோரம் வாழ்ந்து வீடிழந்த குடும்பங்கள் அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்டன. அப்பகுதிக் காற்று மக்களின் உடல்நலத்துக்கு அச்சுறுத்தலாக உள்ளது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் கூறியது. அதன் பிறகும் மக்கள் அங்கிருந்து வெளியேற நீதிமன்றத்திலும் தெருவிலும் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. குடிநீர்க் குழாயைக் காப்பது பொதுநலம்தான். அந்தப் பொதுநலத்தின் முழு விலையையும் ஒரே வர்க்கத்தின் நுரையீரல் கொடுக்கவேண்டும் என்பதே அநீதி.

இப்போது அதே முறை தாராவிக்கு வருகிறது. 2022 நவம்பரில் தாராவி மறுவளர்ச்சித் திட்டத்தின் ஏலத்தை அதானி குழுமம் வென்றது. திட்ட நிறுவனத்தில் 80 சதவீதப் பங்கு அதனிடம், 20 சதவீதம் அரசிடம். தகுதியற்றோர் என முத்திரை குத்தப்படுவோருக்காக முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் பகுதிகளில் சுமார் 256 ஏக்கர் உப்பள நிலத்தையும், தேவனார் குப்பைக் கிடங்கில் சுமார் 124 ஏக்கரையும் ஒதுக்க 2024-இல் மாநில அரசு முடிவெடுத்தது. தேவனார்க் கிடங்கு 1927 முதல் இந்த நகரத்தின் குப்பையைச் சுமந்து நிற்பது. 2016 ஜனவரியில் அது தீப்பற்றியபோது செம்பூரும் கோவண்டியும் பல நாள்கள் புகையில் மூச்சுத்திணறின.

உப்பளம் வெறும் தரிசு நிலம் அல்ல. கடல் ஏறும்போதும் மழை கொட்டும்போதும் நீரை வாங்கிக்கொள்ளும் தாழ்நிலம் அது. அத்தகைய நிலங்களை இழந்தால் என்ன நேரும் என்பதைத் தாராவிக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மித்தி ஆற்றின் சதுப்புநிலக் காடுகளையும் வெள்ளப் பரப்பையும் மேடாக்கித்தான் பாந்த்ரா-குர்லா வணிக வளாகம் எழுந்தது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, ஆறு தன் பழைய இடத்தைத் தேடி வந்தது. தண்ணீர் முதலில் புகுந்தது வணிக வளாகத்தின் மேல்மாடிகளுக்குள் அல்ல, மித்திக் கரையோரக் குடிசைகளுக்குள். இந்த மண்ணின் மூத்த குடிகளான தாராவி கோலிவாடாவின் கோலி மீனவர்கள், கழிமுகம் சாக்கடையானதால் தங்கள் மீன்பிடித் தொழிலை அதற்கு முன்பே இழந்துவிட்டார்கள்.

இயற்கையை வென்றுவிட்டதாக இறுமாப்பு கொள்ள வேண்டாம், ஒவ்வொரு வெற்றிக்கும் அது பழிதீர்க்கும் என்று எங்கெல்ஸ் எச்சரித்தது பரவலாக அறியப்பட்டதே. அந்தப் பழி யார் வீட்டுக்குள் முதலில் புகுகிறது என்பதை நம் காலத்து அனுபவம் அதோடு சேர்த்துச் சொல்கிறது.

சோஷலிச முகாமும் இதில் பாடம் கற்க வேண்டியிருந்தது என்பதை மறைக்கலாகாது. தானியத்தைத் தின்கிறதென்று 1958-இல் மக்கள் சீனத்தில் சிட்டுக்குருவிகளுக்கு எதிரான இயக்கம் நடந்தது. குருவிகள் குறைந்ததும் அவை தின்றுவந்த பூச்சிகள் பெருகிப் பயிரை அழித்தன. 1960-இல் ஒழிக்கவேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவி நீக்கப்பட்டது. சோவியத் ஒன்றியத்தில் பருத்திக்காக ஆறுகள் திருப்பப்பட்டு ஆரல் கடல் வறண்டது. இலாப நோக்கை நீக்கினால் மட்டும் போதாது; இயற்கையின் வினைத்தொடர்களை அறிந்து திட்டமிடவும் வேண்டும்.

நம் கடமைகள்

மனிதன் உயிர்வாழ இயற்கையிலிருந்து எடுத்தே தீரவேண்டும். உண்ணவும் உடுக்கவும் வீடு கட்டவும் எடுப்பதில் குற்றவுணர்வு தேவையில்லை. எடுப்பது யாருடைய தேவைக்கு, எடுத்த பிறகு நிலம் மீளுமா, அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் எங்கும் எழுப்பவேண்டும். அந்த மூன்றுக்கும் விடை சொல்ல மறுக்கும் திட்டம் எந்தப் பெயரில் வந்தாலும் வேட்டைதான்.

இதிலிருந்து உடனடிக் கடமைகள் சில எழுகின்றன. முதலாவது, பூங்காவை ஒட்டிய குடியிருப்புகளுக்குக் கழிப்பறை, மின்விளக்கு, குப்பை அகற்றல் ஆகியவற்றையும், விலங்குத் தாக்குதலுக்கு உள்ளான குடும்பங்களுக்குத் தாமதமில்லாத இழப்பீட்டையும் கோருவது. இரண்டாவது, 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி ஆரே ஆதிவாசிகளின் நில உரிமையை அங்கீகரிக்கப் போராடுவது. மூன்றாவது, வந்து குடியேறிய தேதியையும் மாடிவீட்டையும் காரணம் காட்டிப் பிரிக்காமல், தாராவியின் அனைத்துக் குடும்பங்களுக்கும் தொழில்களுக்கும் தாராவியிலேயே இடம் கேட்பது.

நான்காவது கடமை சற்றுக் கடினமானது. உப்பளத் திட்டத்துக்கு முலுண்ட் பகுதியிலும் எதிர்ப்பு எழுந்திருக்கிறது. அதில் சதுப்பு நிலத்தின் மீதான அக்கறையும் உண்டு, குடிசைவாசிகள் தங்கள் பக்கத்தில் வரக்கூடாது என்ற வெறுப்பும் கலந்திருக்கிறது. வெறுப்பைக் காரணம் காட்டி அக்கறையையும் ஒதுக்கிவிட்டால், உப்பளத்தில் கட்டப்படும் வீட்டுக்கு நாமே வக்கீல்களாகி நிற்போம். அடுத்த வெள்ளத்தில் அந்த வீட்டில் மூழ்குவது நம் மக்கள். ஆகவே தாராவியிலேயே வீடு என்ற கோரிக்கையையும் உப்பளம் உப்பளமாகவே இருக்கட்டும் என்ற கோரிக்கையையும் ஒரே துண்டறிக்கையில் எழுதவேண்டும். கோலி மீனவரையும் வார்லி ஆதிவாசியையும் தோல் தொழிலாளியையும் மாகுலின் குடும்பங்களையும் ஒரே மேடைக்கு அழைத்துவரவேண்டும். மாட்டுங்கா, செம்பூரில் வாழும் நடுத்தர வர்க்கத் தமிழர்களிடமும் போய் இதை விளக்கவேண்டும். தேவனாரின் புகைக்கு எல்லைக்கோடு தெரியாது என்பதை அவர்களும் கண்டவர்களே.

அடுத்த வகுப்புக்குள் ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் தகுதியற்றோர் என்று குறிக்கப்பட்ட குடும்பங்களைச் சந்தித்து, அவர்களை எங்கே அனுப்புவதாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதை எழுதிக்கொண்டு வரட்டும். விவாதத்தை அந்தப் பட்டியலிலிருந்து தொடர்வோம்.